நடுவழி மலிவு, செலவெல்லாம் இரு முனையிலும்: வளரும் நாடுகளில் கிரிப்டோ வழிப் பணம்

வெளிநாட்டில் உழைக்கும் ஒருவர் வீட்டுக்கு 200 டாலர் அனுப்பினால் சராசரியாக 6 சதவீதத்துக்கு மேல் வழியிலேயே கழிந்துவிடுகிறது என்கிறது உலக வங்கியின் கணக்கு. சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் அது 8 சதவீதத்தையும் தாண்டுகிறது. 2030க்குள் 3 சதவீதத்துக்குக் கீழே இறக்க வேண்டும் என்பது ஐ.நா. வகுத்த இலக்கு. மாதாமாதம் 200 டாலர் அனுப்பும் குடும்பத்துக்கு 6 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 144 டாலர். ஒரு பிள்ளையின் படிப்புச் செலவே அதில் அடங்கிவிடும் நாடுகள் உண்டு.

இந்த இழப்பைக் கிரிப்டோ என்ற டிஜிட்டல் நாணயங்கள் ஒழித்துவிடும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். அதில் உண்மையும் இருக்கிறது, விடுபட்டுப்போன பாதியும் இருக்கிறது. பல கணினிகள் சேர்ந்து பராமரிக்கும் பொதுப் பேரேடான பிளாக்செயின் மலிவாக்குவது நடுவழியை மட்டும்தான். ஒரு நாட்டின் ரொக்கம் டிஜிட்டல் நாணயமாக மாறும் முனையிலும், அந்த நாணயம் மறுநாட்டில் மீண்டும் ரொக்கமாகும் முனையிலும் செலவும் ஆபத்தும் அப்படியே நிற்கின்றன. சில நாடுகளில் கூடவும் செய்கின்றன. அந்த இரண்டு முனைகளையும் பார்க்காமல் இந்தத் தொழில்நுட்பத்தைப் புகழவோ தள்ளவோ முடியாது.

பழைய வழியில் பணம் எங்கே கழிகிறது?

ஸ்விஃப்ட் வழியாகப் பணம் போகிறது என்று பேச்சில் சொல்கிறோம். உண்மையில் அது செய்தி அனுப்பும் வலைப்பின்னல். பணம் கைமாற வேண்டுமானால் அனுப்பும் வங்கியும் பெறும் வங்கியும் ஒன்றிடம் ஒன்று கணக்கு வைத்திருக்க வேண்டும், அல்லது இருவருக்கும் பொதுவான இடைவங்கி ஒன்று வேண்டும். சிறிய நாட்டு வங்கிகளோடு இந்த உறவை வைத்துக்கொண்டால் கிடைக்கும் வருமானம் சொற்பம். பணமோசடிச் சட்டத்தில் மாட்டினால் கட்ட வேண்டிய அபராதமோ பெரிது. அதனால் கடந்த பதினைந்து ஆண்டுகளில் பல பெரிய வங்கிகள் பசிபிக் தீவுகள், கரீபியன், ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து விலகிக்கொண்டன. மிச்சம் இருப்பவர்கள் கேட்டதுதான் விலை.

பணம் அனுப்பும் நிறுவனங்களுக்கு வேறொரு சுமை. பெறும் நாட்டுக் கிளைகளில் உள்ளூர் ரொக்கத்தை முன்கூட்டியே நிரப்பி வைக்க வேண்டும். வார இறுதியில் வங்கிகள் மூடியிருந்தாலும் வாடிக்கையாளருக்குக் கொடுத்தாக வேண்டும். முடங்கிக் கிடக்கும் அந்த முதலுக்கான வட்டியைக் கடைசியில் கட்டுபவர் அனுப்புகிறவர்தான். 'கட்டணமே இல்லை' என்று விளம்பரம் செய்பவர்களும் நாணய மாற்று விகிதத்தில் 2, 3 சதவீதத்தை எடுத்துக்கொள்வது வழக்கம். ஆகவே ரசீதில் உள்ள கட்டணத்தை மட்டும் ஒப்பிட்டால் கணக்கு தப்பும். இந்தக் கையில் கொடுத்தது எவ்வளவு, அந்தக் கையில் வந்தது எவ்வளவு என்று பார்ப்பதே சரி.

பிளாக்செயின் இந்தச் சங்கிலியின் நடுப்பகுதியை வெட்டிவிடுகிறது. இரு நாட்டிலும் உள்ளவர்கள் ஒரே பேரேட்டில் பதிவதால் இடைவங்கி தேவையில்லை, முன்கூட்டி நிரப்பும் முதலும் குறைகிறது. ஞாயிறு நள்ளிரவிலும் ஓடும். இது சாதாரண விஷயமல்ல.

எந்த நாணயம்?

2009 ஜனவரியில் தொடங்கிய பிட்காயின் இந்த வேலைக்கு நேரடியாகப் பொருந்தவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக் (பரிவர்த்தனைகளின் ஒரு தொகுப்பு), நொடிக்கு ஏழு பரிவர்த்தனை அளவில்தான் கொள்ளளவு. நெரிசல் கூடினால் ஏலம்போல் கட்டணம் ஏறும். 2024 ஏப்ரலில், பரிவர்த்தனைகளைப் பதிவோருக்குக் கிடைக்கும் புது நாணயமான சுரங்க வெகுமதி பாதியாகக் குறைந்த நாளில் சராசரிக் கட்டணமே 100 டாலரைத் தாண்டியது. லைட்னிங் என்ற மேலடுக்கு இதைக் குறைக்கிறது. ஆனால் அதில் பெறுவதற்கும் சேனலில் (இருவருக்கிடையே முன்கூட்டிப் பணம் பூட்டிய இணைப்பு) இடம் இருக்க வேண்டும் என்பதால் சாமானியர் யாரோ ஒருவருடைய சேவையை நம்பியே அதைப் பயன்படுத்துகிறார். இவற்றைவிடப் பெரிய தடை விலை. அனுப்பும்போது 200 டாலர் இருந்தது எடுக்கும்போது 188 ஆகிவிட்டால் கட்டணத்தில் மிச்சம் பிடித்ததெல்லாம் போச்சு.

அதனால் இன்று வளரும் நாடுகளில் கைமாறுவது பெரும்பாலும் டாலரோடு கட்டப்பட்ட ஸ்டேபிள்காயின்கள். அவற்றிலும் டெதர் நிறுவனத்தின் யுஎஸ்டிடி முதலிடம், அதுவும் ட்ரான் என்ற பிளாக்செயின் வலைப்பின்னலில். மூன்று நொடிக்கு ஒரு பிளாக், ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் உறுதியாகிவிடும், எத்தீரியம் என்ற இன்னொரு வலைப்பின்னலில் பல ஆண்டுகள் நிலவிய கட்டணத்தைவிட மலிவு. இவைதான் ட்ரான் பரவியதற்குக் காரணம். தொழில்நுட்ப மேன்மை பற்றிய விவாதங்களுக்கு இதில் பெரிய பங்கில்லை.

ஒரு 200 டாலரின் பயணம்

அனுப்புகிறவர் தன் நாட்டு எக்ஸ்சேஞ்சில் (கிரிப்டோ வாங்கி விற்கும் தளம்) அடையாளச் சான்று கொடுத்துக் கணக்கு திறக்கிறார். வங்கியிலிருந்து பணம் போட்டு யுஎஸ்டிடி வாங்குகிறார். 'வித்ட்ரா' பகுதிக்குப் போய்ப் பெறுகிறவரின் டிஜிட்டல் கணக்கு முகவரியை ஒட்டி, வலைப்பின்னலாக டிஆர்சி-20ஐ (ட்ரானைக் குறிக்கும் பெயர்) தேர்ந்தெடுத்து அனுப்புகிறார். பெறுகிறவர் வந்ததைப் பி2பி சந்தையில் (பயனர்கள் தங்களுக்குள் நேரடியாக வாங்கி விற்கும் இடம்) உள்ளூர் நாணயத்துக்கு விற்றுத் தன் வங்கிக் கணக்கிலோ மொபைல் பணமாகவோ பெறுகிறார்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். விகிதங்கள் எடுத்துக்காட்டுக்கானவை; நாட்டுக்கு நாடு மாறும். வாங்கும் இடத்தில் அரை சதவீதம், அதாவது 1 டாலர். எக்ஸ்சேஞ்ச் வெளியே அனுப்பப் பிடிக்கும் நிலையான கட்டணம் 1.50 டாலர். விற்கும் முனையில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம் 1 சதவீதம், 2 டாலர். மொத்தம் 4.50, அதாவது 2.25 சதவீதம். நல்ல மிச்சம். இதே வழியில் 50 டாலர் அனுப்பினால் நிலையான கட்டணம் குறையாது, மொத்தம் 2.25 டாலர், அதாவது 4.5 சதவீதம். சிறு தொகைகளைச் சேர்த்து அனுப்புவது ஏன் நல்லது என்பது இதிலிருந்து தெரியும். இனி, விற்கும் முனையில் ஆட்கள் குறைந்து வித்தியாசம் 4 சதவீதமாக விரிந்தால்? 200 டாலருக்கு 10.50 டாலர் கழியும், 5 சதவீதத்துக்கு மேல். நடுவழிக் கட்டணம் ஒரு காசுகூட மாறவில்லை. ஆதாயம் மட்டும் கரைந்துவிட்டது.

கென்யாவில் 2007இல் தொடங்கிய எம்-பெசா என்ற மொபைல் பணச் சேவை வென்றதற்குக் காரணம் குறுஞ்செய்தித் தொழில்நுட்பம் அல்ல, மூலைமுடுக்கெல்லாம் ரொக்கத்தோடு உட்கார்ந்திருந்த ஏஜென்ட்கள். கிரிப்டோவுக்கும் அதே விதிதான். 2022 டிசம்பரில் ஐ.நா. அகதிகள் முகமை உக்ரைனில் உதவித்தொகையை ஸ்டெல்லார் என்ற பிளாக்செயின் வலைப்பின்னலில் யுஎஸ்டிசி என்ற டாலர் ஸ்டேபிள்காயினாகக் கொடுத்தபோது, பெற்றவர்கள் அதை மணிகிராம் என்ற பணம் அனுப்பும் நிறுவனத்தின் கிளைகளில் ரொக்கமாக எடுக்க முடிந்தது. அந்தக் கிளைகள்தான் திட்டத்தின் உயிர்.

எங்கே தவறுகிறது

அடிக்கடி நடப்பது இது. பெறுகிறவர் சொந்தமாக வாலட் (நாணயத்தை நகர்த்தும் ரகசியச் சாவியைத் தன்னிடமே வைத்திருக்கும் செயலி) வைத்திருக்கிறார், 200 யுஎஸ்டிடி வந்துவிட்டது, ஆனால் அதை நகர்த்த முடியவில்லை. ட்ரானில் எந்த டோக்கனை (அதில் ஓடும் நாணயத்தை) அனுப்பவும் கட்டணம் அந்த வலைப்பின்னலின் சொந்த நாணயமான டிஆர்எக்ஸில்தான் கட்ட வேண்டும். அவரிடம் ஒரு டிஆர்எக்ஸும் இல்லை. புதிய முகவரிக்கு யுஎஸ்டிடி வருவதால் மட்டும் அந்த முகவரி செயல்படத் தொடங்குவதும் இல்லை. முதலில் கொஞ்சம் டிஆர்எக்ஸை அந்த முகவரிக்கு அனுப்பிவிட்டு, பிறகு யுஎஸ்டிடியை அனுப்பினால் இரண்டு சிக்கலும் தீரும். எவ்வளவு டிஆர்எக்ஸ் என்பது வலைப்பின்னல் வாக்கெடுப்பில் அவ்வப்போது மாறுவதால் வாலட் காட்டும் மதிப்பீட்டைப் பார்த்து, அதற்குமேல் கொஞ்சம் வைத்திருக்க வேண்டும். யுஎஸ்டிடி ஒருபோதும் இல்லாத முகவரிக்கு அனுப்பினால் கட்டணம் ஏறத்தாழ இரட்டிப்பு. கட்டண வரம்பு போதாமல் பாதியில் நின்றால் அனுப்புதல் தோற்றுப்போகும், எரிந்த டிஆர்எக்ஸ் திரும்பி வராது.

அடுத்தது வலைப்பின்னல் குழப்பம். ட்ரான் முகவரி ஆங்கில 'டி' எழுத்தில் தொடங்கி 34 எழுத்துகள். எத்தீரிய முகவரி பூஜ்யம்-எக்ஸ் என்று தொடங்கி 42. இந்த இரண்டையும் வாலட்டே பிரித்தறிந்து தடுத்துவிடும். எத்தீரியம், பிஎன்பி செயின், பாலிகான் ஆகியவற்றில் முகவரி வடிவம் ஒன்றே என்பதால் அங்கே தடுக்க ஆளில்லை. சொந்த வாலட்டுக்குத் தவறான வலைப்பின்னலில் வந்தால் சாவி நம்மிடம் இருப்பதால் மீட்கலாம். எக்ஸ்சேஞ்ச் முகவரிக்கு, அவர்கள் ஆதரிக்காத வலைப்பின்னலில் போய்விட்டால் அவர்கள் மனம் வைத்தால்தான் உண்டு. ஸ்டெல்லார், எக்ஸ்ஆர்பி போன்ற வலைப்பின்னல்களில் எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பும்போது முகவரியோடு 'மெமோ' அல்லது 'டேக்' என்ற எண்ணும் கட்டாயம். அது விடுபட்டால் பணம் எக்ஸ்சேஞ்சின் பொதுக் கணக்கில் யாருடையது என்று தெரியாமல் கிடக்கும்.

முகவரியின் முதல் நான்கு, கடைசி நான்கு எழுத்தை மட்டும் பார்க்கும் பழக்கத்தைக் குறிவைத்து ஒரு மோசடி உண்டு. நீங்கள் அடிக்கடி அனுப்பும் முகவரியைப் போலவே தொடக்கமும் முடிவும் உள்ள முகவரியை உருவாக்கி, அதிலிருந்து பூஜ்யம் அல்லது அற்பத் தொகையில் ஒரு பரிவர்த்தனையை உங்கள் வரலாற்றில் விழவைப்பார்கள். அடுத்த முறை வரலாற்றிலிருந்து நகலெடுத்தால் பணம் அவர்களுக்குப் போகும். 2024 மே மாதத்தில் ஒருவர் இப்படி ஒரே சொடுக்கில் ஏறத்தாழ 6.8 கோடி டாலர் மதிப்புள்ள நாணயத்தை அனுப்பினார். அது பெரும்பாலும் திரும்பி வந்தது அபூர்வமான விதிவிலக்கு. வரலாற்றிலிருந்து நகலெடுக்கவே கூடாது. முகவரிப் புத்தகத்தில் சேமித்து, முதலில் 5 டாலர் அனுப்பி, மறுமுனையில் வந்ததாகத் தொலைபேசியில் கேட்டபின் மீதியை அனுப்புங்கள். இரண்டாவது கட்டணம் வீண் செலவல்ல.

பி2பி: உண்டியலின் புது உருவம்

உண்டியல், ஹவாலா என்று வழங்கும் முறையில் பணம் எல்லை தாண்டுவதில்லை. இங்கே ஒருவர் வாங்கிக்கொள்ள, அங்கே ஒருவர் கொடுக்கிறார். பி2பியும் அதே எலும்புக்கூடுதான். பழைய முறையில் ஆளின் நேர்மையை நம்பினார்கள். இங்கே அந்த இடத்தில் எஸ்க்ரோ நிற்கிறது. விற்பவரின் நாணயத்தை எக்ஸ்சேஞ்ச் பூட்டிவைக்கும். வாங்குபவர் வங்கி வழியாக உள்ளூர் பணம் அனுப்புவார். விற்பவர் 'வந்துவிட்டது' என்று அழுத்தினால் பூட்டு திறக்கும்.

இதில் ஓட்டை எங்கே என்றால், எஸ்க்ரோ காப்பது நாணயத்தை மட்டுமே. வங்கிப் பக்கம் யாருடைய பணம் வருகிறது என்பது அதற்குத் தெரியாது. ஆன்லைன் மோசடியில் ஏமாந்த ஒருவரிடம், 'இந்தக் கணக்குக்குப் பணம் போடுங்கள்' என்று, உங்களிடம் நாணயம் வாங்குவதுபோல் வரும் மோசடிக்காரர் உங்கள் கணக்கு எண்ணைக் கொடுப்பார். பணம் உங்களுக்கு வரும், நாணயம் மோசடிக்காரருக்குப் போகும். ஏமாந்தவர் புகார் கொடுத்ததும் பணத்தின் தடத்தைப் பிடித்துக்கொண்டு காவல்துறை வந்து நிற்பது உங்கள் கணக்கில். மொத்தக் கணக்கும் முடக்கப்படலாம். அதிலிருந்துதான் வீட்டு வாடகையும் மருந்துச் செலவும் போக வேண்டியிருந்திருக்கும். இதில் மாட்டுகிறவர்களில் பலர் எந்தத் தப்பும் செய்யாதவர்கள் என்பதுதான் மனத்தை உறுத்துவது.

தடுக்கும் வழி ஒன்றே. எக்ஸ்சேஞ்சில் சரிபார்க்கப்பட்ட பெயரும், பணம் வந்த வங்கிக் கணக்கின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். 'தம்பி கணக்கிலிருந்து போடுகிறேன்' என்றால் ஆர்டரை ரத்து செய்து வந்த பணத்தை வந்த கணக்குக்கே திருப்ப வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டையோ குறுஞ்செய்தியையோ நம்பாமல் வங்கிச் செயலியில் இருப்பைப் பார்த்த பிறகே பூட்டைத் திறக்க வேண்டும். ஆர்டர் எண்ணையும் உரையாடலையும் பத்திரப்படுத்துங்கள். முடக்கம் வந்தால் உங்கள் பக்கம் பேச அவைதான் இருக்கும்.

ஆதாயத்தின் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது

நைஜீரியாவைப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். 2021 பிப்ரவரியில் அந்நாட்டு மத்திய வங்கி, கிரிப்டோவோடு தொடர்புள்ள கணக்குகளை மூடும்படி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. வர்த்தகம் நிற்கவில்லை, பி2பிக்கு நகர்ந்தது. காரணம் விகிதம். 2023 ஜூனுக்கு முன் அரசு விகிதத்தில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 460 நைரா, தெருவில் 750 அளவில். 200 டாலரை அரசு விகிதத்தில் மாற்றினால் 92,000 நைரா. யுஎஸ்டிடியாகப் பி2பியில் விற்றால் 1,50,000 வரை. 6 சதவீதக் கட்டணம் இந்த வித்தியாசத்தின் முன் ஒன்றுமே இல்லை. அர்ஜென்டினாவிலும் அரசு விகிதத்துக்கும் 'புளூ' என்ற கள்ளச்சந்தை விகிதத்துக்கும் இடையே பல ஆண்டுகள் இதே கதை. வங்கியில் டாலர் கேட்டுக் காத்திருக்கும் இறக்குமதியாளர், சரக்கு அனுப்புகிறவருக்கு யுஎஸ்டிடியில் கட்டிவிடுவதும் இதே காரணத்தால்தான்.

ஆகவே, கிரிப்டோ மிச்சம் பிடித்துக் கொடுத்ததாகச் சொல்லப்படும் தொகையில் எவ்வளவு தொழில்நுட்பத்தால், எவ்வளவு அரசின் செயற்கை விகிதத்தால் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். 2023 ஜூனில் நைரா சந்தை விகிதத்துக்கு விடப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் வங்கித் தடையும் விலக்கப்பட்டது. ஆனாலும் 2024 தொடக்கத்தில் நைரா சரிந்தபோது அரசின் கோபம் பி2பி பக்கம் திரும்ப, பைனான்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் தன் நைரா சேவையை அந்த மார்ச்சில் நிறுத்தியது. முனையில் இருக்கும் கதவை ஒரே உத்தரவில் சாத்திவிட முடியும் என்பதை இந்தத் துறையில் இருப்பவர்கள் மறக்கக் கூடாது.

எல் சால்வடோர் எதிர்ப்பக்கச் சான்று. 2021 செப்டம்பர் 7 அன்று பிட்காயினைச் சட்டபூர்வ நாணயமாக்கி, அரசின் சிவோ செயலியை இறக்குபவர்களுக்கு 30 டாலர் கொடுத்தார்கள். பெரும்பாலோர் அந்த 30 டாலரைச் செலவழித்ததோடு செயலியை விட்டுவிட்டனர். வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தில் கிரிப்டோ வாலட் வழி வந்தது 2 சதவீதத்தையும் எட்டவில்லை. அந்த நாடு 2001 முதலே டாலரைத்தான் புழங்குகிறது. அமெரிக்காவிலிருந்து வருவதும் டாலர். மாற்று விகித இழப்பே கிடையாது, அனுப்பும் கட்டணமும் உலகிலேயே குறைந்தவற்றில் ஒன்று. தீர்க்க வேண்டிய வலி அங்கே இருக்கவில்லை. பன்னாட்டு நிதியத்தின் 140 கோடி டாலர் கடன் உடன்பாட்டை ஒட்டி 2025 ஜனவரியில் கட்டாய ஏற்பை நீக்கினார்கள்.

உள்நாட்டுப் பரிமாற்றத்துக்கும் இதே பதில்தான். இந்தியாவின் யுபிஐ, பிரேசிலின் பிக்ஸ் போல நொடியில் பணம் போகும் அமைப்பு உள்ள நாட்டில் பிளாக்செயின் வந்து செய்ய வேலை குறைவு. 2021 அக்டோபரில் நைஜீரிய மத்திய வங்கி வெளியிட்ட டிஜிட்டல் நாணயமான இ-நைராவின் வாலட்களில் மிகப் பெரும்பாலானவை தூங்கிக் கிடந்தன. வங்கிச் செயலிகள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த வேலையையே அதுவும் செய்தது.

'ஸ்டேபிள்' எந்த அளவுக்கு

டெரா என்ற திட்டத்தின் ஸ்டேபிள்காயினான யுஎஸ்டி (UST), டாலர் கையிருப்பில்லாமல் கணக்குவித்தையால் ஒரு டாலரைப் பிடித்துவைத்திருந்தது. 2022 மே மாதத்தில் சில நாட்களில் ஒன்றுமில்லாமல் போனது. யுஎஸ்டிசிக்குப் பின்னால் உண்மையான கையிருப்பு இருந்தது. அதில் 330 கோடி டாலர் சிலிக்கான் வேலி வங்கியில் இருந்ததால் 2023 மார்ச்சில் அந்த வங்கி விழுந்த வார இறுதியில் விலை 88 சென்ட் அளவுக்கு இறங்கி, அமெரிக்க அரசு வைப்புகளுக்கு உத்தரவாதம் தந்தபின் மீண்டது. அந்த வார இறுதியில் பதறி விற்றவர்தான் நட்டப்பட்டார். டெதர் தன் நாணயத்தை எந்த முகவரியிலும் முடக்கக்கூடிய அதிகாரம் வைத்திருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எக்ஸ்சேஞ்சில் விட்டுவைப்பதும் பாதுகாப்பல்ல: 2024 ஜூலையில் இந்தியாவின் வசீர்எக்ஸ் ஊடுருவப்பட்டு சுமார் 23 கோடி டாலர் போனது, வாடிக்கையாளர்கள் மாதக்கணக்கில் பணத்தை எடுக்க முடியாமல் தவித்தார்கள். அனுப்பியதை அன்றே மாற்றி எடுப்பவருக்கு இந்த ஆபத்துகள் சிறியவை; சேமிப்பாக வைப்பவருக்குப் பெரியவை.

அரசு வரிகளும் முனையில்தான் கடிக்கின்றன. இந்தியாவில் 2022 ஏப்ரல் முதல் ஆதாயத்துக்கு 30 சதவீத வரி, அதே ஆண்டு ஜூலை முதல் விற்பனைத் தொகையில் 1 சதவீதப் பிடித்தம். ஒரு முறை விற்பவருக்கு இது தாங்கக்கூடியது. பிடித்தத்தை வரிக்கணக்கில் ஈடுகட்டவும் முடியும். வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டும் தந்து சந்தையை நடத்துபவரின் நிலை வேறு. ஒரே முதல் 50 முறை விற்கப்பட்டால் அதில் ஏறத்தாழ 40 சதவீதம் பிடித்தமாகப் போய் முடங்கிவிடும். அவர் விலகினால் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி விரியும். மேலே 1 சதவீதமாக இருந்தது 4 ஆகும் கணக்கு இப்படித்தான் நிஜமாகிறது.

ஸ்டேபிள்காயினாகச் சேமிக்கும்போது ரசீதில் வராத ஒரு செலவும் இருக்கிறது. டெதர் தன் கையிருப்பில் 10,000 கோடி டாலருக்கு மேல் அமெரிக்க அரசின் கடன் பத்திரங்களில் வைத்திருக்கிறது. லாகோஸிலோ புயனோஸ் ஐரிஸிலோ ஒரு குடும்பம் யுஎஸ்டிடியாக வைத்திருக்கும் சேமிப்பு, உண்மையில் வாஷிங்டனுக்குக் கொடுத்த கடன். அந்தப் பத்திரத்தின் வட்டி நாணயத்தை வெளியிட்டவருக்குப் போகிறது. 2025 ஜூலையில் கையெழுத்தான அமெரிக்கச் சட்டமும் வெளியிடுபவர் நாணயம் வைத்திருப்பவருக்கு வட்டி கொடுக்கத் தடை விதிக்கிறது. 4 சதவீத வட்டி என்று வைத்தால் 200 டாலருக்கு ஆண்டுக்கு 8 டாலர். தன் நாட்டு நாணயம் ஓராண்டில் பாதி மதிப்பை இழந்ததைப் பார்த்த குடும்பம் அந்த 8 டாலரைப் பற்றிக் கவலைப்படாது. அதன் முடிவு சரியானதே. அந்த நாட்டு வங்கியில் வைப்பாக இருந்து உள்ளூர் வியாபாரிக்கும் விவசாயிக்கும் கடனாகப் போயிருக்க வேண்டிய பணம் அது என்பதை அவர்களுடைய மத்திய வங்கிதான் கணக்கில் எடுத்தாக வேண்டும்.